மைக்கில் நீ சொன்னது

ஸ்காபரோ
03.03.2024

நான் பெற்ற ஒற்றைப் பிசாசு நிரூபாவுக்கு,

கோழி கிளறின மாதிரி இருக்கிறதே என்று பயப்படாதே, இது உன் அம்மா பேபியின் கையெழுத்துத்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கை காட்டிவிட்டு வந்தவளிடம் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறாய். நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் முதல் பரிசு வாங்கின ஆள். பிழைகளுக்குச் சிவப்புக் கோடு போட்டுவிட்டு வாசி.

போனில் கதைக்கலாம் என்றால் அப்பா தன்னுடைய பிளானில் இருந்து உன் நம்பரை வெட்டிவிட்டார். நீ புது நம்பர் எடுத்து எனக்குத் தராமல் வைத்திருக்கிறாய். அப்பனும் மகளும் சேர்ந்து என்னைப் பேனை பிடிக்க வைத்துவிட்டீர்கள். நல்ல காலம், என்னோடு கடைக் குசினியில் இடியப்பம் அவிக்கிற கிளடிஸின் மகன் யூட்சன் உங்கள் பாண்டில் உன்னோடு சேர்ந்து வாசிக்கிறான். கிளடிஸ் இதை அவனிடம் கொடுப்பாள், அவன் ஒஷாவாவில் உன்னிடம் தருவான். தபால்காரிக்கு இனி என் செலவில்தான் தேத்தண்ணி.

இங்கே நாங்கள் சுகம். அப்பா கோயில் நிர்வாகசபைக்குப் போய் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிவிட்டு வந்து, வீட்டில் வாயைத் திறக்காமல் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையில் உன் வீணையைத் துடைக்கிறார். உன் கித்தார்க் கம்பிகளைக் குறட்டால் வெட்டின அதே கைதான். வீணை அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடித்து, அழைப்புக் கார்ட் அடித்து, ஸ்காபரோவில் பாதிச் சனத்துக்குக் கொடுத்த பிறகு, "நான் மேடை ஏறமாட்டன், றொக் அன் றோல்தான் வாசிப்பன்" என்று பிள்ளை சொன்னால் அந்த மனுசனும் என்ன செய்வார். அதற்காக வெட்டியிருக்கக் கூடாது. இதை அவரிடமும் சொல்லிவிட்டேன், உன்னிடமும் சொல்கிறேன். இரண்டு பேரும் கேட்கிற சாதி இல்லை.

கார்ட் கிடைத்த சனம் இப்போதும் கடையில் கண்டால் அரங்கேற்றம் எப்போது என்று கேட்கிறது. பிள்ளைக்கு விரலில் சுளுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். எங்கேயாவது எங்கட ஆட்களைக் கண்டால் கையைக் கொஞ்சம் மடித்துப் பிடி.

பகிடி போகட்டும். ஒன்றுதான் நெஞ்சுக்குள் கிடந்து குத்துகிறது. நீ பையைத் தூக்கிக்கொண்டு போன அன்று அப்பா சொன்னார்: "இஞ்சாரும், அவளுக்குப் பாட்டிலை ஒரு ஆசையும் இல்லை. அவளுக்கு எங்களைப் பாக்க வெக்கம். அதுதான் விசயம்." நான் சண்டை பிடித்தேன். என் பிள்ளை அப்படி இல்லை என்றேன். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. அவர் கோப்பையை வைக்கிற சத்தத்தில் அதைத்தான் சொல்கிறார். நான் சட்டி கழுவுகிற சத்தத்தில் மறுமொழி சொல்கிறேன்.

கத்தரிக்காய்க் குழம்பு அனுப்புகிறேன். யூட்சன் வழியில் திறந்து பார்த்தால் எனக்கு எழுது, தாயிடம் சொல்லிக் கொடுக்கிறேன்.

அடிக்கக் கை எட்டாத
அம்மா


ஒஷாவா
17.03.2024

அன்பு அம்மாவுக்கு,

கடிதமும் குழம்பும் வந்தது. குழம்பு பாதிதான் வந்தது. யூட்சன், தான் தொடவில்லை என்கிறான், ஆனால் வாயைத் துடைத்துக்கொண்டு சொல்கிறான்.

நம்பர் தராததற்குக் கோபிக்காதேங்கோ. போனில் உங்கட குரல் கேட்டால் நான் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவேன். வந்தால் பிறகு ஒரு நாளும் வெளியே வரமாட்டேன். அதனால் எழுதுங்கோ.

நான் நல்லாய் இருக்கிறேன். பகலில் கோப்பிக் கடையில் வேலை, சனி ஞாயிறு பாண்ட். நாங்கள் வாசிப்பது இப்பத்தைய பாட்டு இல்லை அம்மா. உங்கட அம்மா பிறந்த காலத்துப் பாட்டு, றொக் அன் றோல் புதுசாய் வந்த நேரத்துப் பாட்டு. கித்தாரில் மூன்று கோட்ஸ் பிடிக்கத் தெரிந்தால் போதும், ஒரு துள்ளல், அவ்வளவுதான். வீணை டீச்சர் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் முதன்முதல் கேட்டேன். என்ர முழங்கால் என்னைக் கேட்காமல் ஆடத் தொடங்கிவிட்டது. டீச்சர் வீட்டில் இறங்காமல் கடைசி ஸ்ரொப் வரைக்கும் போனேன். அந்தக் கிழமை உங்களுக்கு வயிற்றுவலி என்று பொய் சொன்னேன்.

ஒரு ரகசியம். வீணையில் கம்பியை இழுக்கிற மாதிரித்தான் கித்தாரிலும் இழுக்கிறேன். அந்த இடத்துக்குத்தான் சனம் கை தட்டுகிறது. அப்பாவிடம் சொல்லவேண்டாம்.

நாங்கள் போவது ஒஷாவாவுக்கு அங்கால் உள்ள சின்ன ஊர்களுக்கு. வயலும் தேவாலயமும்தான் இருக்கும். அங்கே எண்பது தாண்டின ஒரு வெள்ளைக்காரப் பாட்டி எங்கட ஷோ எல்லாவற்றுக்கும் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். அவருக்குப் பதினாறு வயதில் இது பிசாசின் பாட்டு என்று பாதிரியார் பிரசங்கத்திலேயே சொன்னாராம். இவரின் தகப்பன் இசைத்தட்டு எல்லாவற்றையும் உடைத்து அடுப்பில் போட்டாராம். இவர் ஜன்னலால் குதித்துப் போய் ஆடிவிட்டு வந்தாராம். தகப்பன் சாகும் வரைக்கும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லையாம். இப்போது அதே தேவாலயத்தின் மண்டபத்தில்தான் நாங்கள் வாசிக்கிறோம், அவர் ஆடுகிறார். அவர் சிரித்துச் சிரித்துச் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா சொன்னதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. உங்களைப் பார்க்க எனக்கு வெட்கம் இல்லை அம்மா. ஒருக்கா வந்து பாருங்கோ. அப்பாவைக் கேட்கவில்லை. நீங்கள் வாங்கோ.

உங்கட
நிரூ


ஸ்காபரோ
14.04.2024

பஸ்ஸை விட்டு இறங்கத் தெரியாத மகள் நிரூபாவுக்கு,

வருசப்பிறப்பு வாழ்த்து. அந்த வயிற்றுவலிக்கு நான் பெருங்காயம் கரைத்துத் தந்தது ஞாபகம் இருக்கிறதா. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாயே, கள்ளி.

காலையில் றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போய் வந்தோம். அப்பா உன் பெயரிலும் அர்ச்சனைத் துண்டு எடுத்தார். நான் கண்டுவிட்டேன் என்று தெரிந்தவுடன், ஐயர் அவசரத்தில் கூட ஒரு துண்டு தந்துவிட்டார் என்றார். நட்சத்திரத்தையும் ஐயரா கண்டுபிடித்தவர் என்று கேட்டேன். உடனே கார் றேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

வரச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். எனக்கு விருப்பம் இல்லையா என்ன. ஆனால் அப்பாவுக்கு ஒளித்து ஒரு இடமும் போய்ப் பழக்கமில்லை. மீன் வாங்கப் போனாலும் என்ன மீன் என்று சொல்லிவிட்டுப் போகிறவள் நான். கடையில் ஓவர் டைம் என்று சொல்லலாம் என்று கிளடிஸ் சொல்லித் தருகிறாள். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறவள் பொய்யை எவ்வளவு வடிவாய்க் கட்டுகிறாள் பார்.

வருவதென்றால் எனக்குச் சில விபரம் தெரியவேண்டும். காஞ்சிபுரம் உடுக்கிறதா, சாதாரணச் சீலை போதுமா? விளக்கு யார் ஏற்றுகிறது? பிரதம விருந்தினர் யார், தமிழரா வெள்ளைக்காரரா? இடைவேளையில் யார் பேசுகிறது? உனக்கு யார் பொன்னாடை போடுகிறது? வருகிற சனத்துக்குச் சாப்பாடு உண்டா, இல்லாவிட்டால் நான் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வரவா? எல்லாவற்றுக்கும் மறுமொழி எழுது. அரங்கேற்றம் பார்த்துப் பழகின கண், முன்னுக்குப் பின் தெரியாமல் போய் நிற்கக் கூடாது.

அப்பாவோடு என் சண்டை அப்படியே நடக்கிறது. நேற்றும் சொன்னார், வெட்கம்தான் என்று. நான் உன் கடிதத்தை அவருடைய மூக்குக்கு முன்னால் பிடிக்கவேண்டும் போல் வந்த கையை மடக்கிக்கொண்டேன்.

ஓவர் டைம் செய்யப்போகிற
அம்மா


ஒஷாவா
02.05.2024

அன்பு அம்மாவுக்கு,

மே 25, சனிக்கிழமை, பின்னேரம். கிளடிஸ் அன்ரியின் காரில் வாங்கோ.

விளக்கு இல்லை, பிரதம விருந்தினர் இல்லை, பேச்சு இல்லை, பொன்னாடையும் இல்லை. நாங்கள் வாசிப்போம், சனம் ஆடும், முடிந்தவுடன் வீட்டுக்குப் போகும். ரோல்ஸ் கட்டாயம் கொண்டுவாங்கோ, ஆனால் எங்களுக்கு மட்டும். நீங்கள் வந்து கதிரையில் இருந்தால் போதும்.

அன்றைக்கு எங்களைப் பார்க்க ஒரு ஆள் வருகிறார். கோடையில் ஊர் ஊராய் நடக்கிற கண்காட்சிகளுக்குப் பாண்ட் பிடிக்கிறவர். அவருக்குப் பிடித்தால் எங்களுக்குக் கோடை முழுக்க வேலை. அதனால் எனக்குக் கை நடுங்குகிறது. நீங்கள் முன்னுக்கு இருந்தால் நடுங்காது என்று நினைக்கிறேன்.

நிரூ


ஸ்காபரோ
27.05.2024

கித்தார்க்காரி நிரூபாவுக்கு,

காது இன்னும் இரைந்துகொண்டிருக்கிறது. கடையில் முதலாளி கூப்பிட்டாலும் கேட்காது, வசதியாய் இருக்கிறது.

நீ மேடைக்கு வந்தபோது எனக்கு ஆளைத் தெரியவில்லை. உச்சியில் ஒரு கொண்டை, கறுப்புச் சட்டை, சிவப்புச் சப்பாத்து. கிளடிஸ் என் விலாவில் இடித்து, "உது உன்ர பெட்டையடி" என்றாள். பிறகு நீ பாடத் தொடங்கினாய். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கம்பியை இழுத்தாயே, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எட்டு வயதில் வீணைக்கு முன்னால் கால் விறைத்துப்போய் அழுதுகொண்டு இருப்பாய். அந்தப் பிள்ளையா இது என்று பார்த்தேன். அப்பா சொன்னது பிழை என்று அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. பாட்டில் ஆசை இல்லாத பிள்ளை அப்படிக் கண்ணை மூடாது.

சரி, இனி என் கூத்து. பொன்னாடை இல்லை, பேச்சு இல்லை என்று நீ எழுதினதை வாசித்தேன். வாசித்துவிட்டு எனக்கு நித்திரை வரவில்லை. எங்கட சனத்தில் எந்தப் பிள்ளை மேடை ஏறினாலும், தாளம் தப்பி ஆடினாலும்கூட, மாமனோ மச்சாளோ ஏறி ஒரு பொன்னாடை போட்டு நாலு வார்த்தை பேசாமல் விடுவார்களா. உனக்கு ஒருவரும் இல்லை என்றால், கேட்பார் இல்லாத பிள்ளை என்றல்லவா சனம் நினைக்கும். அதனால் சிவப்புக் கரை வைத்த பொன்னாடை ஒன்று வாங்கினேன். பூக்கடையில் சொல்லி மாலையும் கட்டுவித்தேன். ரோல்ஸ் பெட்டிக்குக் கீழே வைத்துக் கொண்டுவந்தேன். கிளடிஸுக்குக்கூடச் சொல்லவில்லை.

பாட்டு முடியட்டும், ஏறுவோம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கட பாட்டு முடிந்த மாதிரி நிற்கும், நான் எழும்பினால் மறுபடி தொடங்கும். பார்த்தேன், நீ கண்ணை மூடின நேரம் ஏறிவிட்டேன். யூட்சன்தான் முதலில் கண்டான். ஆளைவிட உயரமான அந்த வயலினைக் கட்டிப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பொன்னாடை கித்தார் ஆணியில் கொழுவிக்கொண்டது, மாலை உன் கொண்டையைச் சரித்துவிட்டது. கொண்டைக்கு மன்னித்துக்கொள். பிறகு மைக்கைப் பிடித்தேன். பேசுவதற்கு எழுதி மனப்பாடம் பண்ணினதெல்லாம் மறந்துபோய் வாயில் வந்ததைச் சொன்னேன்: "எல்லாருக்கும் வணக்கம். நான் பேபி. இந்தப் பிள்ளையைப் பெத்தவள். மாசக்கணக்காய் என்ர வீட்டிலை ஒரு சத்தம் இல்லை. இண்டைக்குத்தான் கேக்கிறன்."

சபை முழுக்கச் சிரித்துக் கை தட்டியது. ஒரு சொல்லும் விளங்காமல் தட்டின வெள்ளைக்காரச் சனம், எவ்வளவு நல்ல சனம். இறங்கி வந்தால் உன் பச்சைச் சட்டைக்காரி என் கையைப் பிடித்து இழுத்து ஆட வைத்துவிட்டார். நானும் ஆடினேன். சீலைக் கொய்யக மடிப்புப் பாதி கழன்றதுதான் மிச்சம். எல்லாவற்றையும் கிளடிஸ் வீடியோ எடுத்திருக்கிறாள். அப்பாவின் கண்ணில் பட்டால் நிர்வாகசபை அவசரக் கூட்டம் வைக்கும்.

ஒன்று கேட்கவேண்டும். நான் இறங்கினவுடன் நீ மைக்கில் இங்கிலிசில் ஏதோ சொன்னாய். சொன்னவுடன் சபை இன்னும் கூடச் சிரித்தது. கிழவி பிடித்து ஆட்டின ஆட்டத்தில் எனக்குக் கேட்கவில்லை. கிளடிஸைக் கேட்டேன், தனக்கும் சரியாய்க் கேட்கவில்லை என்றாள். வாயாடி, வரும் வழி முழுக்க ஒரு கதையும் இல்லை, களைத்துவிட்டாள் போல. என்னைப் பற்றி என்னடி சொன்னாய்? சொல்லு, நானும் சிரிக்கிறேன்.

றொக் அன் றோல்
அம்மா


ஒஷாவா
06.06.2024

அன்பு அம்மாவுக்கு,

மறுமொழி பிந்திவிட்டது. வேலை.

அந்த ஆளுக்கு எங்களைப் பிடித்துவிட்டது. கோடை முழுக்க எங்களை எடுத்திருக்கிறார்.

நான் மைக்கில், "இவதான் என்ர அம்மா" என்று சொன்னேன். அதற்குத்தான் எல்லாரும் சந்தோசத்தில் சிரித்தார்கள். வேறு ஒன்றும் இல்லை.

இனி வந்தால் கதிரையில் இருங்கோ அம்மா. மேடைக்கு வரவேண்டாம். அங்கே அப்படிச் செய்கிறதில்லை. ரோல்ஸ் நல்லாய் இருந்தது.

நிரூ


ஸ்காபரோ
23.06.2024

அன்புள்ள நிரூபாவுக்கு,

உன் கடிதத்தைக் கடைக் குசினியில் வைத்து வாசித்தேன். வாசித்துவிட்டு இடியப்பத் தட்டோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். கிளடிஸ் என்னைப் பார்க்காமல் மாவைப் பிசைந்துகொண்டு நின்றாள். வீடியோவை என் போனுக்கு அனுப்பு என்று கேட்டேன். அழிந்துவிட்டது என்றாள், போனில் இடமில்லை என்றாள். நான் விடவில்லை. அவளுடைய போனை வாங்கி நானே அனுப்பிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் அப்பாவுக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டு முன்னால் இருந்தேன். உங்களுக்குத் தெரியாமல் பிள்ளைக்கு எழுதினனான், ஓவர் டைம் என்று சொல்லிப் போய்ப் பார்த்தும் வந்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏச வாயெடுக்க முதல் போனைக் கையில் கொடுத்தேன். "எங்களைப் பாக்க அவளுக்கு வெக்கம் எண்டனீங்கள். அம்மா எண்டு சபையிலை சொல்லியிருக்கிறாள். கேளுங்கோ."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நீ கதைக்கிற இடம் வந்ததும் போனைக் காதுக்குக் கிட்டப் பிடித்தார். பின்னுக்குத் தள்ளிவிட்டு மறுபடி கேட்டார். பாங்கில் வேலை செய்த மனுசன், இங்கிலிஸ் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. குளிர்காலம் தொடக்கம் நடந்த சண்டையில் அந்த இடத்திலேயே என்னை வென்றிருக்கலாம். போனை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஓம் பேபி. அம்மா எண்டுதான் சொல்லுறாள். நான்தான் பிழையாய் நினைச்சிட்டன்" என்றார்.

பிறகு பின்வளவுக்குப் போய்க் குழாயைத் திறந்து மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணி விட்டார். வெளியில் மழை தூறிக்கொண்டிருந்தது.

கல்யாணம் கட்டின நாள் தொடக்கம் அந்த வாயால் பிழை என்று ஒரு சொல் நான் கேட்டதில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போகிற வழியில், பஸ் தரிப்பில் இருந்து நானும் போனைக் காதில் வைத்துக் கேட்டேன். எனக்கு இங்கிலிஸ் தெரியாதுதான். ஆனால் கடைக் கவுண்டரில் நின்று சனத்துக்குச் சாமான் கட்டிக் கொடுத்தவளுக்கு நாலு சொல்லுத் தெரியாதா. 'மம்' என்று நீ சொல்லவில்லை. 'ஐ டோன்ட் நோ' என்றாய், பிறகு 'அன்ரி' என்றாய். யாரோ ஒரு அன்ரி, ஆரெண்டு எனக்குத் தெரியாது என்றிருக்கிறாய். அதற்குத்தான் சனம் சிரித்தது. நான் கீழே நின்று அதற்கும் சேர்த்து ஆடியிருக்கிறேன்.

மேடையில் சொன்னதற்கு எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கண்காட்சிக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார், கொண்டை சரிந்து கிடக்கிறது, கழுத்தில் மாலை தொங்குகிறது. பத்தொன்பது வயதில் எந்தப் பெட்டையும் தடுமாறித்தான் போவாள். கதிரையில் இரு என்று எழுதினாய், நான்தான் கேட்கவில்லை. அதையெல்லாம் பஸ் வர முதலே மன்னித்துவிட்டேன்.

கடிதத்தைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அது மேடையில் எழுதினது இல்லை. உன்னை ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஆறுதலாய் இருந்து, வடிவான கையெழுத்தில், ஒரு பிழை இல்லாமல் எழுதியிருக்கிறாய். வெட்கமாய் இருந்ததம்மா, அப்படிச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால், நான் அதையும் பகிடியாக்கி உனக்கு ரோல்ஸ் அனுப்பியிருப்பேன். நான் அப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியாதா.

அப்பாவும் நீயும் எனக்கு ஒரே பொய்யைத்தான் சொன்னீர்கள். அதைச் சொல்வதற்காக அவர், தன் பக்கம்தான் சரி என்பதையே விட்டுக்கொடுத்தார்.

எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். நேற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கோப்பையைப் பார்த்தபடி, "அவளை ஒருக்கா வரச்சொல்லி எழுதும்" என்றார். எத்தனை மாசமாய் அந்தச் சொல்லுக்காகத் தவம் கிடந்தேன் என்று உனக்குத் தெரியும். எழுதுகிறேன் என்றேன். ஆனால் நான் உன்னை வரச் சொல்லவில்லை நிரூபா. நீ வந்தால், உனக்கு முன்னால் இருந்து சாப்பிடும்போதெல்லாம் அவர் எனக்காக அந்தப் பொய்யைக் காத்துக்கொண்டிருக்க வேண்டும். ஏதாவது வாய் தவறி வந்துவிடுமோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மனுசனுக்கு அவ்வளவு பாரத்தை நான் கொடுக்கமாட்டேன்.

நீ பாடு. உண்மையாய் நல்லாய்ப் பாடுகிறாய். கை நடுங்கவில்லை, நான் பார்த்தேன். வீணையை இனி நான் துடைக்கிறேன் என்று சொல்லி வாங்கி, உறை போட்டு வைத்துவிட்டேன். கிளடிஸுக்கும் இதோடு தபால் வேலை முடிந்தது என்று சொல்லியிருக்கிறேன். அவள் அன்றைக்கே எல்லாம் கேட்டிருக்கிறாள், பாவம். புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டிக்கு முன்னால் நின்று ஆவிதான் கண்ணில் பட்டது என்று சொல்லி அழுதாள்.

இதற்குப் பதில் எழுதாதே பிள்ளை. எழுதினால் நான் வாசிப்பேன். வாசித்தால் நம்பிவிடுவேன்.

அம்மா